எதிரே நிற்பவள் சோடை போனால்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அன்புச் சகோதரிகளே, அவையோரே, வணக்கம்.

நடிப்புப் படிக்கும் மாணவிகளை போட்டி வளர்க்கிறதா, கெடுக்கிறதா? வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். முன்பு பேசிய சகோதரி, 'ஒரே விடுதி அறையில் இருக்கும் இரண்டு பேர் ஒரே வேஷத்துக்கு ஆசைப்பட்டால் மறுநாளே முகம் திருப்பிக்கொள்வார்கள், பெண்ணுக்குப் பெண்தான் எதிரி' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். ஏன் முகம் திருப்புகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கல்லூரியில் 'ஹேம்லட்' போடுகிறார்கள் என்று வையுங்கள். அதில் சொல்லிக்கொள்கிற பெண் வேஷம் இரண்டே இரண்டு: அம்மா கெர்ட்ரூட், காதலி ஒஃபீலியா. 'ஜூலியஸ் சீசர்' போட்டாலும் கல்பூர்னியா, போர்ஷியா, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள், அதனால் அந்தக் கஞ்சத்தனம். இன்றைக்கு வகுப்பில் பத்துப் பெண்கள் இருந்தால் மீதி எட்டுப் பேரும் திரை இழுக்க வேண்டும், உடைக்குப் பித்தான் தைக்க வேண்டும். பையன்களுக்கோ அரசன், ஆவி, வெட்டியான் என்று அள்ளிக் கொடுத்திருக்கிறது. நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியதும், தன் பெயரைத் தேடி விரலை மேலிருந்து கீழே இழுத்து, கடைசி வரிக்கு வந்தபின் மறுபடி மேலே போகிறாளே ஒருத்தி, அவளைப் பொறாமைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்தியில் இரண்டே இலை போட்டுவிட்டு, முந்தி உட்கார்ந்தவளைப் பேராசைக்காரி என்றால் எப்படி?

சரி, போட்டி வந்துவிட்டது. அது என்ன செய்யும்? புனேவுக்கு வாருங்கள். பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் இருக்கும் திரைப்படக் கல்லூரியில் படித்தபோது ஜெயா பாதுரி 'சுமன்' என்று ஒரு மாணவர் படத்தில் நடித்தார். அதைப் பார்த்து அசந்துபோனவர் மும்பைப் பெண் ஷபானா ஆஸ்மி. அப்பா கைஃபி ஆஸ்மி பெரிய கவிஞர், அம்மா ஷௌகத் நாடக நடிகை. வீட்டிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரிக்குப் போனால் இப்படி நடிக்க வரும் என்றால் நானும் போகிறேன் என்று கிளம்பினார். 1974இல் அவர் நடித்த 'அங்கூர்' படம் வந்தது, தேசிய விருதும் வந்தது. இன்னொருத்தியின் நடிப்பைப் பார்த்து 'எனக்கும் வேண்டும்' என்று நினைத்ததற்குப் பெயர் கெடுதியா, நடுவர் அவர்களே?

உடனே ஷபானாவுக்கும் இன்னொரு நடிகை ஸ்மிதா பாட்டீலுக்கும் நடந்த பனிப்போரை எடுத்துவிட்டார் சகோதரி. ஸ்மிதா நடிப்புக் கல்லூரி மாணவியே இல்லை, தூர்தர்ஷனில் செய்தி வாசித்தவர். ஆனாலும் தலைப்புக்கு வெளியே என்று நழுவ மாட்டேன். உரசல் இருந்தது நிஜம். தான் பேசிய சில வார்த்தைகளுக்காகப் பின்னாளில் ஷபானாவே வருந்தியிருக்கிறார். ஆனால் படத்தைப் பாருங்கள். 1982இல் வந்த 'அர்த்' படத்தில் ஷபானா மனைவி, ஸ்மிதா கணவனின் காதலி. விருந்து நடக்கிற இடத்தில் மனைவி நிதானம் இழந்து கத்துகிறாள். எதிரே இருப்பவள் வாங்கிக்கொள்கிற முகம் சரியாக அமையாவிட்டால் அந்தக் கத்தல் வெறும் தெருச்சண்டை. ஓட்டப் பந்தயத்தில் பக்கத்துக்காரி தடுக்கி விழுந்தால் எனக்கு லாபம். மேடையில் அவள் சோடை போனால் என் வசனமும் செத்துப்போகும். நல்ல நடிகைக்கு நல்ல போட்டியாளர் தேவைப்படுவது இதனால்தான்.

சண்டையைக் குறைக்க வழியா இல்லை? ஒரே வேஷத்தை இருவருக்குக் கொடுத்து, முதல் நாள் ஒருத்தி, மறுநாள் மற்றவள் என்று நடிக்க வைக்கிற வழக்கம் உண்டு. ஓய்வில் இருப்பவள் பக்கத்திரையின் ஓரம் நின்று, தனக்குச் சிரிப்பு வராத இடத்தில் இவளுக்கு எப்படி வந்தது என்று பார்ப்பாள். எந்த ஆசிரியரும் அதைச் சொல்லித்தர முடியாது.

எதிரணியில் அடுத்து எழுந்திருப்பவருக்கு ஒரே கேள்வி. 'அர்த்' படத்துக்காகவும் ஷபானாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஸ்மிதாவின் இடத்தில் வேறு யாரைப் போட்டிருந்தாலும் அது கிடைத்திருக்கும் என்கிறீர்கள்? ஒரு பெயர் சொல்லுங்கள், நான் தோற்றதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.