பழைய ஃப்ரிட்ஜுக்குப் புது வேலை

வணக்கம் நேயர்களே. வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் காய்ச்சும்போது காட்டும் கவனத்தைப் பிறகு அது புளிக்கும் பத்து நாளில் காட்டுவதில்லை. ருசி முடிவாவதே அந்த நாட்களில்தான். ஏல், லாகர் என்று பியரில் இரு வகை. ஏல் ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் கேட்கும். லாகர் ஈஸ்டுக்கு 10 முதல் 13 வரை. சூடு ஏறினால் ஈஸ்ட் அவசரப்படும், சாராய நெடி தூக்கலாகிவிடும். இந்த அளவிலேயே பியரை வைத்திருக்கப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று போதும்.

ஃப்ரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட் சாப்பாட்டுக்கானது, அவ்வளவு மிதமாக நிற்காது. அதைக் கழற்ற வேண்டாம். அதிகக் குளிர்ச்சியில் திருப்பி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கை வெளியே ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலரில் செருகுங்கள். சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்துக் கரன்டைத் தருவதும் நிறுத்துவதும் அதன் வேலை. குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என அதில் இரண்டு ரிலே, அதாவது தானே இயங்கும் சுவிட்ச், இருக்கட்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். ரிலே சின்னதாக இருந்தால் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடி பியரையே உறைய வைத்துவிடும்.

ஒற்றைக் கதவு, டைரக்ட் கூல் வகையே இதற்குத் தோது. பனி தானாகக் கரையும் வகையில் கரன்டை அடிக்கடி வெட்டினால் அதன் டிஃப்ராஸ்ட் டைமர் தடுமாறும்.

பக்கச் சுவரில் துளை போடவே கூடாது. பல மாடல்களில் கேஸ் குழாய் அங்கேதான் ஓடுகிறது. அதில் இருப்பது தீப்பற்றும் ஐசோபியூட்டேனாகவும் இருக்கலாம். சென்சார் வயர் மெல்லியது, கதவு ரப்பருக்கு நடுவே விட்டாலே போதும்.

அந்த சென்சாரை எங்கே வைப்பது? இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். காற்றில் தொங்கவிட்டால், காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், 20 லிட்டர் திரவமோ மணிக்கணக்கில் அசையாது. ஈஸ்டும் தன் பங்குக்குச் சூடு கிளப்பும். கன்ட்ரோலர் 18 காட்டும்போது பியர் 21-இல் இருக்கலாம். ஆகவே பாத்திரத்தின் வெளிப்பக்கம், திரவ மட்டத்துக்குக் கீழே, பாதி உயரத்தில் சென்சாரை அழுத்தி டேப் ஒட்டுங்கள். அந்த சென்சாரை மூடி இரண்டு விரல் தடிமன் ஸ்பாஞ்ச் வைத்து இன்னொரு சுற்று டேப். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் மறுபடி காற்றைத்தான் அளப்பீர்கள்.

கன்ட்ரோலரில் வித்தியாசம், அதாவது வைத்த அளவிலிருந்து எவ்வளவு விலகினால் அது வேலையைத் தொடங்கும் என்பது, 0.5 டிகிரி, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடம் என்று செட் செய்யுங்கள். நின்ற உடனே மறுபடி கிளம்பினால் உள்ளே அழுத்தம் இறங்கியிருக்காது, மோட்டார் திணறும். வித்தியாசத்தை 0.1 ஆக்கினால் குளிரும் ஹீட்டரும் மாறி மாறி மல்லுக்கட்டும், மின் கட்டணம்தான் ஏறும். சூட்டுக்கு, பாத்திரத்தைச் சுற்றிக் கட்டும் 25 முதல் 40 வாட் பெல்ட் ஹீட்டர் போதும். பல்பு வேண்டாம், வெளிச்சம் பட்டால் பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ நாறும்.

கண்ணாடித் தட்டு 20 கிலோவுக்கு மேல் தாங்காமல் போகலாம். அதை எடுத்துவிட்டு, அடியில் கனமான பலகை போடுங்கள். புளிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கும். கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விடாதீர்கள்.

முதல் தடவை பியரை ஊற்றும் முன், வெறும் தண்ணீரை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.