"தாயா, பிள்ளையா?" – யாரைக் கேட்கிறோம்?

அவையோருக்கு வணக்கம். கதை எழுதும் நாம் கர்ப்பத்தையும் பிரசவத்தையும் எப்படி எழுதுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

எத்தனையோ கதைகளில் படித்த காட்சிதான். பிரசவ அறைக் கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வந்து, "ஒரு உயிரைத்தான் காப்பாத்த முடியும். தாயா, பிள்ளையா?" என்கிறார். கணவன் சுவரில் சாய்கிறான், மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். துயரம் முழுக்க வராந்தாவில்தான். உள்ளே படுத்திருப்பவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மருத்துவப்படியும் இது பிசகு. பெரும்பாலான நெருக்கடிகளில் இரண்டு உயிருக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, ரத்தப்போக்கை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுப்பது. சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். அவள் விழித்திருக்கிறாள், பேசுகிறாள். சம்மதம் சொல்ல வேண்டியவளும் அவளே. உண்மையிலேயே நினைவிழந்த பெண்ணை எழுத நேர்ந்தால், அவள் முன்பு என்ன சொல்லியிருந்தாள் என்பதை நான்கைந்து பக்கம் முன்னாலேயே வைத்துவிடுங்கள். வராந்தாக் காட்சிக்கு அப்போதுதான் பொருள் வரும்.

அடுத்தது, படிக்கட்டு. வேண்டாத கர்ப்பம் ஒன்று கதைக்குள் வந்துவிட்டால், எழுத்தாளர் அவளைப் படியில் உருட்டிவிடுகிறார். முதல் 12 வாரங்களில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரணமாக விழுவதால் கரு கலைவது அரிது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அந்தப் படிக்கட்டு யாருக்கு வசதி? அவள் முடிவெடுக்கும் காட்சியை எழுதாமல் தப்பித்துக்கொள்ளும் ஆசிரியருக்கு! கருக்கலைப்பை நேரடியாக எழுதுகிறவர்களும் மரணத்திலோ ஆயுட்காலக் குற்றவுணர்விலோ கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். உண்மையில் நடப்பதோ, ஆரம்ப வாரங்களில், ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு வகை மாத்திரைகள். வயிற்றுவலி, ரத்தப்போக்கு, பிறகு ஓய்வு. பல பெண்களுக்கு மிஞ்சுவது நிம்மதி. அதை எழுதத்தான் கை நடுங்குகிறது நமக்கு.

நாட்கணக்கிலும் கவனம் வேண்டும். கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சியில் ஒரு வாரம் தள்ளிப்போனாலே 5 வாரம் ஆகிவிடும், கருத்தரித்து 3 வாரம்தான் ஆகியிருந்தாலும். முதல் கர்ப்பத்தில் அசைவு தெரிவது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில். இரண்டாம் மாதத்தில் வயிற்றில் உதைக்கிற குழந்தைகளைக் கதைகளில்தான் பார்க்கலாம். இது வெறும் தகவல் பிழை என்று விட்டுவிட முடியாது. எத்தனையாவது வாரம் என்பதைப் பொறுத்தே அவள் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பது அமைகிறது. அதோடு, முதலில் தெரிந்துகொள்வது யார்? மயங்கி விழுந்தவளின் நாடியைப் பிடித்து யாரோ வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நாடியை வைத்துக் கர்ப்பத்தை உறுதிசெய்ய முடியாது. சிறுநீர்ச் சோதனை அவள் தனியாகக் குளியலறையில் செய்வது. அந்தச் சில நிமிடங்களும், யாரிடம் சொல்வது என்ற யோசனையும் முழு அத்தியாயத்துக்குத் தாங்கும்.

பிரசவத்துக்குப் பிந்தைய உடல் நம் கதைகளில் அநேகமாக இல்லை. ரத்தக்கசிவு 4 முதல் 6 வாரம் வரை நீடிக்கும். தையல் இழுக்கும். மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டி மார்பு கல்லாகும். நாமோ, "இரண்டு ஆண்டுகள் கழிந்தன, வீட்டில் இன்னொரு தொட்டில்" என்று தாண்டிவிடுகிறோம். மாதவிலக்கு திரும்பும் முன்பே மறுபடி கருத்தரிக்கக்கூடும். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று அவள் சொன்னாளா, அவளை யாராவது கேட்டார்களா என்பதையும் அந்த வரியை எழுதுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.