தகராறு மானப் பிரச்சினையாக மாறும்போது

நேயர்களுக்கு வணக்கம். நாடுகளுக்கு இடையே எழும் தகராறுகள் பெரும்பாலும் எல்லை, மீன்வளம், ஆற்றுநீர், சுங்கவரி போன்றவற்றைப் பற்றியவை. இவற்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒன்றை விட்டுக்கொடுத்து வேறொன்றைப் பெறலாம். ஆனால் அதே தகராறு 'நம்மை அவமதித்துவிட்டார்கள்' என்ற செய்தியாக மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லாமல் போகிறது. ஏனெனில் மானத்தில் பாதியை விட்டுக்கொடுக்க எந்த நாடும் முன்வராது.

1870 ஜூலையில் எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்த ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் முதலாம் வில்லியமைப் பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி உலாவும் இடத்தில் சந்தித்து, மன்னரின் ஹோஹென்ஸோலர்ன் குலத்தவர் ஸ்பெயின் அரியணைக்குப் போட்டியிடுவதை இனி ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன் என்ற உறுதியைக் கேட்டார். மன்னர் மரியாதை குறையாமல் மறுத்தார். இந்த விவரம் தந்தியில் வந்தபோது, பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் அதைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. வெட்டப்பட்ட வாக்கியங்களோடு அந்தச் சந்திப்பின் நாகரிகமும் போய்விட்டதால், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தூதர் விரட்டப்பட்டதாகவும், ஜெர்மானியர்கள் தங்கள் மன்னர் சீண்டப்பட்டதாகவும் அந்தச் செய்தியைப் படித்தார்கள். ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது.

நமக்கு நெருங்கிய காலத்தில், 2003 ஜனவரியில், அங்கோர்வாட் தாய்லாந்துக்கே சொந்தம் என்று தாய்லாந்து நடிகை ஒருவர் கூறியதாகக் கம்போடியப் பத்திரிகை ஒன்று எழுதியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். ஆனால் அங்கோர்வாட் கம்போடியாவின் தேசியக் கொடியிலேயே இடம்பெற்றிருக்கும் கோவில். அது அமைந்துள்ள சியம் ரீப் பகுதி 1907 வரை சியாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், ஆட்சியில் இருந்தது. இழந்து மீண்ட மண்ணின் நினைவு மக்களிடம் உயிரோடு இருந்ததால்தான் அந்த வதந்தி அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டது. அதைத் தணித்திருக்க வேண்டிய பிரதமர் ஹுன் சென்னும் மேடையில் அந்த நடிகையைச் சாடினார். ஜனவரி 29 அன்று கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகம் எரிக்கப்பட்டது, தாய்லாந்து நிறுவனங்கள் சூறையாடப்பட்டன. பாங்காக்கில் கம்போடியர்கள் கொல்லப்பட்டதாகச் சரிபார்க்கப்படாத தகவல் ஒன்று அன்று உள்ளூர் வானொலியில் ஒலித்தது. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் நான் இதைச் சொல்லாமல் கடந்துவிட முடியாது. மறுநாள் பாங்காக்கில் கம்போடியத் தூதரகத்தின் முன்னால் கூட்டம் திரண்டது.

தேச உணர்வையே குற்றம் சொல்வோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. கம்போடியர்களின் வரலாற்று வலி உண்மையானது. அதன்மேல் பொய்யான செய்தி ஏற்றப்பட்டதே கேடு. முதல் செய்தி கிளப்பிய கோபத்தை, பின்னால் வரும் மறுப்பு தணிப்பதில்லை. கோபம் தெருவுக்கு வந்தபின் தலைவர்களின் கைகளும் கட்டப்பட்டுவிடுகின்றன. சமரசம் பேசுபவர் துரோகி என்று பெயர் வாங்க நேர்கிறது.

அந்தப் பெயரை வாங்கவும் துணிந்த தலைவர்கள் உண்டு. மாசிடோனியா என்ற பெயர் தங்கள் வரலாற்றுக்கே உரியது என்ற கிரேக்கத்தின் எதிர்ப்பால், அப்பெயர் கொண்ட அண்டை நாடு 2008-இல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர முடியாமல் போனது. 2018 ஜூனில் இரு அரசுகளும் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் செய்து, 'வடக்கு மாசிடோனியா' என்ற பெயரை ஏற்றன. ஏதென்ஸில் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. கிரேக்கப் பிரதமர் சிப்ராஸின் கூட்டணிக் கட்சி அரசிலிருந்து விலகியது. அப்படியும் 2019 ஜனவரியில் 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 153 வாக்குகளுடன் ஒப்பந்தம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் சிப்ராஸ் தோற்றார். ஒப்பந்தத்தை எதிர்த்த கட்சியே ஆட்சிக்கு வந்தும் அதை ரத்து செய்யவில்லை. 2020 மார்ச்சில் வடக்கு மாசிடோனியா நேட்டோவில் சேர்ந்தது.