பொய் சொல்லத் தெரிந்த வரைபடங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வரைபடம் என்று பேச்சு எடுத்தாலே முதலில் அடி வாங்குகிறவர் உலக வரைபடம் வரைந்த மெர்கேட்டர்தான். கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்காவைக் கிட்டத்தட்ட அதே அளவில் காட்டிவிட்டாராம். காட்டினார், உண்மைதான். ஆனால் 1569-இல் அவர் அதை வரைந்தது மாலுமிகளுக்காக. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஸ்கேலை வைத்து ஒரு கோடு கிழித்தால், திசைகாட்டியில் அந்த ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம், அதற்கு விலையாகத்தான் வடக்கே போகப்போக நாடுகள் ஊதிப்போகின்றன. கப்பலில் இருக்கவேண்டியதைக் கொண்டுவந்து பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியது யார் தப்பு?

ஒரு வரைபடத்தைப் பார்த்தால் சரியா தப்பா என்று நான் முதலில் கேட்பதில்லை. இது யாருக்காக எதை விட்டுக்கொடுத்தது என்றுதான் கேட்பேன்.

லண்டன் பாதாள ரயில் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் வரைந்து கொடுத்தபோது முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், 1933-இல்தான் அச்சுக்குப் போனது. ரயிலுக்குள் இருக்கிறவனுக்கு மேலே எந்தத் தெரு ஓடுகிறது என்று எதற்குத் தெரியவேண்டும், எங்கே ஏறி எங்கே மாறவேண்டும், அவ்வளவுதானே! லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே வெறும் 260 மீட்டர்தான், படத்தைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. ஊருக்குப் புதியவர்கள் டிக்கெட் எடுத்து, கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, அப்புறம் லிஃப்டில் மேலே ஏறுவார்கள். நடந்தே போயிருக்கலாம்.

சரி, இதெல்லாம் காகிதம். பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகள் இருக்கின்றன, 29 பவளத்தீவுக் கூட்டங்களும் 5 தனித்தீவுகளும். எல்லாம் தாழ்வான தீவுகள், படகிலிருந்து பார்த்தால் ரொம்பப் பக்கத்தில் போனால்தான் கண்ணில் படும். அந்த ஊர்க் கடலோடிகள் தென்னை ஈர்க்கு மாதிரியான மெல்லிய குச்சிகளை நாரால் கட்டி, சில குச்சிகளை வளைத்து, முடிச்சு விழும் இடங்களில் சிப்பிகளைக் கோத்து ஒரு சட்டம் செய்தார்கள். சிப்பி என்றால் தீவு. வளைந்த குச்சி அலை. கரையில் உடையும் அலை அல்ல, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரும் பேரலை: அது ஒரு தீவில் மோதினால் வளையும், மடங்கும், தீவின் மறுபுறம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒன்றையொன்று வெட்டும், அந்த வெட்டுகிற இடத்தில் படகு ஆடுகிற ஆட்டமே வேறு. கண்ணுக்குத் தெரியாத தீவு எந்தப் பக்கம் என்று படகுக்குள் படுத்துக்கொண்டு முதுகால் கண்டுபிடிப்பார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்தச் சட்டத்தை அவர்கள் கடலுக்கு எடுத்துப்போனதில்லை. கரையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், மனப்பாடம் ஆனதும் குச்சியை அங்கேயே விட்டுவிட்டுப் படகேறுவார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவரால் படிக்க முடியாமல் போவதும் உண்டு, அதில் யாருக்கும் வெட்கம் இல்லை, வித்தை வெளியே போகாமல் இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தவர்கள். நம் கணக்கில் இதை வரைபடம் என்று சொல்லலாமா என்று சிலர் இழுப்பார்கள். நான் தாராளமாகச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று, இதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. வியன்னாவில் பாய்ட்டிங்கர் சுருள் என்று ஒரு ரோமானியச் சாலைப் படம் இருக்கிறது, மூலம் போய்விட்டது, இடைக்காலத்தில் எடுத்த பிரதிதான் மிச்சம். நீளம் ஏறக்குறைய 6.75 மீட்டர், உயரம் 34 சென்டிமீட்டர். இந்த ஒல்லிச் சுருளுக்குள் உலகத்தை அடைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது, மத்தியதரைக் கடலை வாய்க்கால் மாதிரி நசுக்கிவிட்டார்கள். சாலைகள் சிவப்புக் கோடு, கோடு மடங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு தங்குமிடம், பக்கத்திலேயே தூரம் எழுதியிருக்கும். கி.பி. 79-இல் எரிமலை விழுங்கிய பொம்பெயும் இருக்கிறது, கி.பி. 330-இல் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளும் இருக்கிறது. ஒரே காலத்துப் படம் இல்லை, பழையதன் மேல் புதியதை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

கிழக்குக் கோடியில் முசிறி. சங்கப் பாட்டில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்களே, அதே சேரர் துறைமுகம். பக்கத்தில் ஒரு ஏரி, ஒரு சின்னக் கட்டடம், அதன்மேல் அகஸ்டஸ் கோயில் என்று எழுதியிருக்கிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கு மலபார் கரையில் கோயில்! மண்ணுக்கடியில் இதுவரை அது கிடைக்கவில்லை, அதனால் அறிஞர்களுக்குள் வாக்குவாதம். என்னைக் கேட்டால் இருந்திருக்கும் என்றுதான் சொல்வேன். மிளகு வாங்க வந்தவர்கள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கவேண்டியிருந்தது, கும்பிட ஓர் இடம் வேண்டாமா? இல்லை என்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் இப்போது எழுந்து பேசலாம், மைக் காலியாகத்தான் இருக்கிறது.