722: அந்தக் காரை ஜெயிக்க வைத்த காகிதச் சுருள்

வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு வேகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றுதான் வந்திருப்பீர்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் 1955இல் இத்தாலியில் நடந்த மில்லே மிக்லியா கார் பந்தயத்தில் என்னை அசத்தியது ஒரு காகிதச் சுருள்.

முதலில் கார். இப்போது திரையில் இருப்பது மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர். மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான எட்டு சிலிண்டர் இன்ஜின், சுமார் 300 குதிரைத்திறன். மேல்கூடு மெக்னீசியக் கலவை: எடை குறைவு, ஆனால் தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. சீட் பெல்ட் கிடையாது. டிரம் பிரேக்தான். முன்னால் 722 என்று பெரிதாக எழுதியிருக்கிறதே, அது காலை 7 மணி 22 நிமிடத்துக்குக் கிளம்பிய கார் என்று அர்த்தம். சிறிய கார்களை முந்தின இரவே அனுப்பிவிடுவார்கள். பின்னால் வரும் இந்த அசுரன் அவற்றையெல்லாம் தாண்டித்தான் போக வேண்டும்.

பந்தயப் பாதை இத்தாலியின் பிரெஷாவில் தொடங்கி, ரோம் வரை போய், திரும்பவும் பிரெஷா. சுமார் 1,600 கிலோமீட்டர், அத்தனையும் சாதாரணச் சாலை. ஊர்த்தெரு, பாலம், மலைப்பாதை எல்லாம் உண்டு. ஜனங்கள் கை நீட்டினால் கார் படும் தூரத்தில் நிற்பார்கள். இவ்வளவு வளைவுகளை யார் மனப்பாடம் செய்வது?

காரை ஓட்டிய ஸ்டெர்லிங் மாஸுக்கு அப்போது 25 வயது. பக்கத்து சீட்டில் டெனிஸ் ஜென்கின்சன், தாடிக்காரப் பத்திரிகையாளர். மோட்டார் சைக்கிளோடு பக்கவாட்டில் இணைத்த சைட்கார் பந்தயத்தில் பயணியாக உட்கார்ந்து 1949இல் உலகப் பட்டம் வென்றவர், அதனால் அடுத்தவர் ஓட்டும்போது பதறுகிற ஆள் இல்லை. இருவரும் முன்கூட்டியே அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். எந்த வளைவு எவ்வளவு மோசம், எந்த மேட்டை வேகம் குறைக்காமல் தாண்டலாம் என்று எல்லாவற்றையும் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான சுருளில் எழுதி, ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துக் கையால் உருட்டிக்கொண்டே போனார் ஜென்கின்சன். இன்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். நடுவில் காருக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபோது அவர் கண்ணாடி காற்றில் பறந்துவிட்டது. நல்ல வேளை, மனிதர் இன்னொன்று வைத்திருந்தார்!

இதை எல்லோரும் மாஸின் துணிச்சல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முழு வேகத்தில் ஏறுவது துணிச்சல். பக்கத்து ஆளின் கை சொல்வதை நம்பி ஏறினால் அது வேறு கணக்கு. முடிக்க ஆன நேரம் பத்து மணி நேரம் 7 நிமிடம் 48 விநாடி, சராசரி மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாவதாக வந்தவர் உலகச் சாம்பியன் ஃபாஞ்சியோ, அதே மாதிரி காரில், பக்கத்தில் யாருமே இல்லாமல். அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். தனியாளாக அவர் அதை முடித்ததே என்னைக் கேட்டால் பெரிய விஷயம், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்புறம் 1957. அதே பந்தயத்தில் டி போர்டாகோ என்ற ஓட்டுநரின் ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும் கூட வந்தவரும், வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதோடு அந்தப் பந்தயம் முடிந்தது. சாலையோரம் நின்றவர்களிடம் எந்தச் சுருளும் இல்லை. அது நின்றதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

1977 முதல் அதே பெயரில் பழைய கார்களை ஓடவிடுகிறார்கள். இப்போது வேகத்துக்கு மதிப்பெண் இல்லை, குறித்த நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.