வேகத்தை மட்டும் பார்த்து ஃபிலிம் வாங்காதீர்கள்

(கோவையில் புகைப்பட ஆர்வலர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கமுங்க. ஃபிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இத்தனை இளையவர்கள் வந்திருப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, நூறு வாங்கட்டுமா, நானூறு வாங்கட்டுமா?" இந்த எண்தான் ஃபிலிமின் வேகம், எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும். வெயிலுக்கு 100, நிழலுக்கு 400, இருட்டுக்கு 800 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். தப்பில்லை. ஆனால் நம்ம ஊர் வெளிச்சத்துக்கு அது பாதிக் கணக்குதான். வெயில் படுகிற இடத்துக்கும் நிழல் விழுகிற இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். உச்சி வெயிலில் ஒரு மயிலைக் காளை நிற்கிறது. முதுகு கண்ணைக் கூசுகிறது. அலைதாடியின் மடிப்புகளும் வயிற்றடியும் கருநிழலில் கிடக்கின்றன. பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு மாட்டுக்காரர், தலைத்துண்டின் நிழல் முகத்தில் பாதியை மறைக்கிறது. வெளிச்சம் அளக்கும் மீட்டரை முதுகில் ஒரு தடவை, வயிற்றடியில் ஒரு தடவை காட்டிப் பாருங்கள். ஐந்து, ஆறு ஸ்டாப் வித்தியாசம் வரும். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு வெளிச்சம். ஆறு ஸ்டாப் என்றால் 64 மடங்கு! கழுவியதும் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் தாங்குவது ஏறக்குறைய ஐந்து ஸ்டாப். காளையின் முதுகைக் காப்பாற்றினால் மனிதரின் முகம் கறுத்துப்போகும். முகத்தைக் காப்பாற்றினால் வேட்டியும் காளையும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிடும்.

அங்கே, நிறங்கள் தலைகீழாகப் பதிந்து பிறகு பிரிண்ட் போடும் கலர் நெகட்டிவ்தான் சரி. கோடக் போர்ட்ரா போடுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் கோல்டு 200 போதும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் கூடினாலும் நெகட்டிவ் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் பொறுக்காது. அதனால் நிழலில் இருக்கும் முகத்துக்கு அளந்து எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடக் கொடுத்த மாதிரி அட்டைகளில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். கறுத்த தோலின் நுணுக்கங்களைப் பிடிக்கும் திறன் பிற்பாடுதான் கலர் ஃபிலிமுக்கு வந்தது. இன்றைய ஃபிலிம் நம் முகங்களை அழகாகவே எடுக்கிறது. வெள்ளை வேட்டியைப் பார்த்து மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்தால் அந்த அழகு போய்விடும்.

சரி, வேகம்? அந்த வெயிலில் 400 போட்டால் லென்ஸ் துவாரம் எஃப் 16-இல் ஷட்டர் 500, அதாவது நொடியில் 500-இல் ஒரு பங்கு வரும். பழைய கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் 1000-த்தோடு நின்றுவிடும். எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது, ஆனால் அதை எஃப் 11-க்கு மேல் திறக்க முடியாது. நன்றாகத் திறந்தால்தான் பின்னணி மங்கும். பின்னால் நிற்கும் கூட்டத்தை மங்கலாக்க ஆசைப்பட்டால் 100 அல்லது 160 தான் கைகொடுக்கும்.

இப்போது வால்பாறைக்கு ஏறுங்கள். ஆடி மாதம், தேயிலைத் தோட்டம் முழுக்க மூடுபனி. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. எல்லாம் ஒரே மட்டம். சந்தையில் கைவிட்ட ஸ்லைடு இங்கேதான் ஜொலிக்கும். கோடக்கின் எக்டாகுரோம் இ100, ஃபியூஜியின் வெல்வியா 50 இரண்டும் மங்கிய காட்சிக்கு அழுத்தம் கொடுப்பவை. வெல்வியாவின் பச்சைக்கு ஈடே இல்லை என்பேன். ஆனால் முகம் சிவந்துவிடும், கொழுந்து பறிப்பவர்களை அதில் எடுக்காதீர்கள். வேகம் குறைவு என்பதால் முக்காலி கட்டாயம்.

ராத்திரி கோயில் திடலில் வள்ளி கும்மி என்றால் நான் கறுப்பு வெள்ளைதான். ஒரு பக்கம் ஹாலஜன் மஞ்சள், இன்னொரு பக்கம் டியூப் லைட் பச்சை. கலரில் எடுத்தால் ஒரே முகத்தில் இரண்டு நிறம் விழும். கோடக்கின் டிரை-எக்ஸ், இல்ஃபோர்டின் எச்.பி.5 இரண்டுமே 400 தான். கேமராவில் 1600 என்று வைத்து எடுத்து, லேபில் கூடுதல் நேரம் கழுவச் சொல்லலாம். கிரெயின், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், கூடும், நிழலில் விட்டது திரும்ப வராது. கைதட்டும் வேகமும் வியர்வை மினுக்கமும் கிடைத்தால் எனக்கு அது போதும். இல்ஃபோர்டு டெல்டா 3200-உம் இருக்கிறது. டப்பாவில் 3200 என்று போட்டிருந்தாலும் அதன் அளவுபடியான வேகம் 1000 தான்.

அப்புறம், சூடு. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' ஃபிலிம் செய்த காலம் இங்கிருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மலைக் குளிர் நமக்குக் கீழே கிடையாது. ரோலை ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் ஃபிலிமில் ஈரம் கோத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் மூடிய காருக்குள் ரோலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. எடுத்து முடித்த ரோலைச் சீக்கிரம் கழுவக் கொடுத்துவிடுங்கள். 1600-இல் எடுத்திருந்தால் அதை ரோலின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.