முழி பேசும்போது வாய் எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணியின் சொல்வீரர்களே, எங்கள் அணியின் முழியாங்கண்ணர்களே, சபையோரே, வணக்கம்.

‘கூத்திலும் காமெடியிலும் சபையைக் கட்டிப்போடுவது வாய்ச்சொல்லா, உருட்டும் விழியா?’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மூன்று கணை விட்டார். வானொலி நாடகத்துக்கும் சிரிக்கிறோமே, அங்கே ஏது கண் என்று கேட்டார். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்கிற காட்சி சொல்லுக்குக் கிடைத்த வெற்றி என்றார். கடைசியாக, கண்ணை உருட்டுவது நடிப்பே இல்லை, கோரணி, அதை எவனும் செய்யலாம் என்று சொல்லி உட்கார்ந்தார்.

கடைசிக் கணையை முதலில் எடுக்கிறேன். எவனும் செய்யலாமா? செய்து பார்த்துவிடுவோம். கைப்பேசியை எடுங்கள், செல்ஃபி கேமராவைத் திறங்கள். சும்மா இருக்கும்போது உங்கள் மேலிமை கருவிழியின் உச்சியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும். இப்போது திடுக்கிட்ட மாதிரி கண்ணை விரியுங்கள். பாதிப் பேருக்குப் புருவம் ஏறியிருக்கும், நெற்றியில் நாலு கோடு விழுந்திருக்கும், இமை மட்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். அது பயந்த முகம் இல்லை ஐயா, கைமாத்து கேட்க வந்த முகம்!

புருவத்தைத் தூக்கும் தசை வேறு, இமையைத் தூக்கும் தசை வேறு. பழகாதவருக்கு இரண்டும் சேர்ந்தே வரும், அதிலும் புருவம்தான் முந்திக்கொள்ளும். புருவத்தைச் சும்மா விட்டுவிட்டு இமையை மட்டும் ஏற்றப் பழகினால் கருவிழிக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே போதும், எதிரில் இருப்பவருக்கு வயிற்றில் ஏதோ செய்யும். அந்தக் கீற்றை அப்படியே வைத்துக்கொண்டு புருவத்தை இறக்குங்கள், கோபம். ஏற்றுங்கள், பயம். வீறாப்பாக வந்த ரவுடி, எதிராளி தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்து பம்முகிற காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! தேர்ந்த நடிகர் அங்கே இமையை அசைப்பதே இல்லை. விரிந்த கண் விரிந்தபடியே நிற்க, புருவம் மட்டும் மெதுவாக மேலே நகர்கிறது. கோபம் பயமாக மாறுவதைச் சபை கண்ணெதிரே பார்க்கிறது. இதற்கு எந்த வசனம் எழுதுவீர்கள்?

இந்தக் கீற்றின் ரகசியம் நம் தெருவில் திருஷ்டிப் பூசணிக்காய்க்கு முகம் எழுதுகிறவருக்குத் தெரியும். வெள்ளையில் முட்டை வடிவம் போட்டு, நடுவில் கறுப்பு உருண்டையை விளிம்பு எங்கேயும் தொடாமல் வைக்கிறார். சுற்றிலும் வெள்ளை தெரிவதால் முழி பிதுங்குகிறது. அதே உருண்டை மேல்விளிம்பைத் தொட்டுவிட்டால் பூதம் போய்விடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் வந்துவிடுவார்.

சொல் சொல் என்கிறார்களே, அந்தச் சொல்லையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். திருட்டு முழி, ஆந்தை முழி, பேந்தப் பேந்த முழிக்கிறது, திருதிருவென முழிக்கிறது, முழி பிதுங்குகிறது, முட்டைக்கண், முண்டக்கண்ணு. ஒவ்வொன்றும் ஒரு முழு நகைச்சுவைக் காட்சி. எதிரணியின் கஜானாவைத் திறந்தால் உள்ளே எங்கள் சரக்குதான் இருக்கிறது.

அடுத்து கதகளி. அங்கே நடிகர் பேசுவதில்லை. பாட்டு பின்னால் நிற்கிற பாடகரிடம் இருக்கிறது என்று எதிரணி சொல்லும். ஆனால் பாட்டும் நின்றுபோய், கையும் கண்ணும் மட்டுமே கதையை நடத்துகிற பகுதிகளும் உண்டு, இளகியாட்டம் என்பார்கள். அந்தக் கண் எப்படித் தயாராகிறது? விடியும் முன்பே எழுந்து, கண்ணில் நெய் விட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, விழியை மேல் கீழாக, பக்கவாட்டில், மூலைக்கு மூலை, வட்டமாக ஓட்ட வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு நடுவேகத்தில், அப்புறம் விரைவாக. விரலால் பிடிப்பது எதற்கென்றால், விழி கீழே போகும்போது மேலிமையும் கூடவே இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தை உடைப்பதற்கு. தலை அசையக் கூடாது. அசைந்தால் கண் வேலை செய்யாமல் கழுத்து வேலை செய்துவிடும்.

மேடை ஏறும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. கத்தரி இனத்துச் செடியான சுண்டையின் பூவிலிருந்து சூலகத்தை (விதையாக மாறும் பகுதியை) எடுத்து உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துக் கறுத்த சிறு உருண்டையாக்கி, கீழிமைக்குள் வைத்து விழியை உருட்டுவார்கள். வெள்ளை முழுக்கச் செவ்வென்று ஆகிவிடும். பச்சை பூசிய முகத்தில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், அந்தச் சிவப்புக்கு நடுவே கருவிழி நகர்வது தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். (இதைக் கேட்டுவிட்டு வீட்டில் எதையாவது கண்ணில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது குருவின் மேற்பார்வையில் செய்கிற வேலை.) நாட்டிய சாஸ்திரம் 36 பார்வைகளை வகுத்திருக்கிறது: ரசத்துக்கு 8, நிலைபெற்ற உணர்ச்சிக்கு 8, வந்துபோகும் உணர்ச்சிக்கு 20. உதட்டுக்கு இத்தனை கணக்கு அங்கே கிடையாது.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். எப்போதும் விரித்தே வைத்திருக்கிற கண் சலித்துப்போகும், அது உண்மை. அதற்குக் காரணம் கண் இல்லை, அளவு தெரியாத ஆள். கார்ட்டூன் வரைகிறவர்களைக் கேளுங்கள். ஒரு வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). பாத்திரம் திடுக்கிட வேண்டுமென்றால், முதலில் சில சட்டகங்களுக்குக் கண்ணை இறுக மூடி முகத்தையே நசுக்குவார்கள். பிறகுதான் முகம் நீண்டு கண் வெடித்துத் திறக்கும். கொஞ்சம் நின்று, சற்றுச் சுருங்கி அமரும். முன்னால் சின்னதாக்காமல் பெரிதாக்கினால் பெரிதாகத் தெரியாது. அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரி 1943இல் ஒரு ஓநாயின் கண்களைக் குழியைவிட்டே துள்ள வைத்தார் என்றால் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

மனித நடிகருக்கும் அதே சூத்திரம். இரட்டைப் பார்வை என்று ஒரு பழைய உத்தி. அலமாரிக்குள் புலி நிற்கிறது. பார்க்கிறார், கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. திரும்பி நாலடி நடக்கிறார். நிற்கிறார். ஒரு தாளம் விடுகிறார். இப்போது முதலில் விழி திரும்ப வேண்டும், தலை பின்னால் வர வேண்டும், கடைசியாக இமை ஏற வேண்டும். விழியும் தலையும் சேர்ந்து திரும்பினால் தஞ்சாவூர்ப் பொம்மை. அந்த ஒரு தாளத்தை விழுங்கிவிட்டால் சிரிப்பும் போச்சு, ஏனென்றால் அவருக்கு உறைப்பதற்கு முன் சபைக்கு உறைக்க வேண்டும். லாரல் ஹார்டி படங்களில் வருகிற வழுக்கைத்தலை, பெரிய மீசைக்கார ஜேம்ஸ் ஃபின்லேசன் இதில் மன்னன். ஒரு கண்ணை இடுக்கி மற்றதை விரிப்பார். இரண்டையும் விரிப்பதைவிட அது பெரிதாகத் தெரியும், பக்கத்திலேயே அளவுகோல் இருக்கிறதல்லவா?

இப்போது நாகேஷுக்கு வருகிறேன். 1964 படம். அந்தக் காட்சியில் நாகேஷ் சொல்வது என்ன? பேய்க்கதை! அதில் ஜோக் எங்கே இருக்கிறது? எழுதி வாசித்துப் பாருங்கள், நமக்கும் கொஞ்சம் பயம்தான் வரும். அதைச் சிரிப்பாக மாற்றுகிறவர் எதிரில் உட்கார்ந்து கேட்கிற பாலையா. கதை நெருங்க நெருங்க அந்தக் கண் விரிகிறது, அங்கேயும் இங்கேயும் ஓடுகிறது. நாகேஷ் குழம்பு கொதிக்க வைக்கிறார், உப்பு பாலையாவின் கண்ணில் இருக்கிறது. நாகேஷும் வாயால் மட்டுமா சொன்னார்? அவர் முழியையும் எங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வானொலி? அங்கே கண் இல்லாத குறைக்கு ‘ஏண்டா இப்படிப் பேந்தப் பேந்த முழிக்கிறே?’ என்று வசனத்தில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டதும் நாம் சிரிப்பது எதற்கு? மனசுக்குள் அந்த முழியைப் பார்த்துவிட்டு! வாட்ஸ்அப்பில் வடிவேலு படம் வருகிறது. சத்தமில்லை, அசைவுமில்லை. கீழே எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தெரிகிறது. அடிப்பதற்கு முன்பே தெரியும். ‘நேரமாச்சு’ என்று நீங்கள் வாய் திறக்கவில்லை. இமை கருவிழிக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தது, புருவம் கீழே இறங்கியிருந்தது. இதோ, உட்கார்ந்துவிட்டேன்.